மூணு கம்ப்ளெயின்ட், ஒரே காரணம்: துடைச்சுத் துடைச்சே கெட்டுப்போன ஒரு ஸ்கேன் மெஷின்

போன வருஷம் ஆடி மாசம், ஊரெல்லாம் காத்தும் புழுதியுமா இருந்த சமயம், ஒரு மாவட்டத் தலைநகர்ல இருக்கற அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் சென்டர்லேர்ந்து போன் வந்துச்சு. நான் பயோமெடிக்கல் இன்ஜினியர், எந்தக் கம்பெனி ஆளும் இல்ல, வாரண்டி முடிஞ்ச மெஷின்களை வெளியில இருந்து பாத்துக் குடுக்கறவன். மேனேஜர் சொன்ன கம்ப்ளெயின்ட் மூணு. வயித்து மேல வச்சு நகத்தற வளைஞ்ச முகமுள்ள கைக்கருவியில, அதாவது கான்வெக்ஸ் ப்ரோப்ல, படத்துக்கு நடுவுலேர்ந்து கொஞ்சம் இடது பக்கமா ஒரு கறுப்புக் கோடு விழுது. மத்தியானம் ரெண்டு மணி மூணு மணிக்கு மெஷின் தானா ஆஃப் ஆகுது, பத்து நிமிஷம் விட்டா மறுபடி வருது. அப்புறம் ட்ராக்பால், அதான் கீபோர்டுல கர்சரை நகத்தற பந்து, ஒரு திசையில நகரவே மாட்டேங்குது. இதையெல்லாம் சொல்லிட்டு அவரே தீர்ப்பும் சொல்லிட்டாரு, "ஏழு வருஷம் ஓடிருச்சு சார், ஆயுசு அவ்வளவுதான் போல, எக்ஸ்சேஞ்ச்ல போட்டா என்ன தருவாங்கன்னு விசாரிச்சுச் சொல்லுங்க."

கேட்டதும் எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஏழு வருஷம், ஒரு நாளைக்கு சுமார் 40 பேஷன்ட், தேய்மானம் இருக்கத்தானே செய்யும். ஆனா நேர்ல போய்ப் பாத்தப்ப மூணு கம்ப்ளெயின்டுக்கும் வேர் ஒரே இடத்துல இருந்துச்சு, அது வயசு இல்ல. அந்த சென்டர் அழுக்கா இருந்திருக்கும்னு நினைச்சுடாதீங்க. நான் பாத்த சென்டர்கள்லயே சுத்தமான நாலஞ்சுல அது ஒண்ணு. தரை பளபளன்னு இருக்கு, கட்டில் விரிப்பு வெள்ளை வெளேர்னு இருக்கு, உள்ள நுழைஞ்சா ஸ்பிரிட் வாசனை மூக்குல ஏறுது. அந்த வாசனையை அன்னிக்கே நான் கவனிச்சிருக்கணும், கவனிக்கல.

முதல்ல கறுப்புக் கோடு. படத்துல கறுப்பா விழுந்தா உடனே ப்ரோப் போச்சுன்னு சொல்லிட முடியாது. விலா எலும்பு நிழல் விழும், குடல்ல காத்து இருந்தா நிழல் விழும், ஜெல் பத்தாம ஒரு ஓரம் தோல்ல ஒட்டலைன்னாலும் விழும். அதெல்லாம் பேஷன்ட்டை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாலோ கையைச் சாய்ச்சாலோ இடம் மாறும். இது மாறல. தோல் மட்டத்துலேயே ஆரம்பிச்சு அடி வரைக்கும் ஒரே நேரா போகுது, எந்தப் பேஷன்ட்டா இருந்தாலும் அதே இடம். அப்ப கோளாறு உடம்புல இல்ல.

இதுக்கு ஒரு காசும் செலவாகாத சோதனை ஒண்ணு இருக்கு, ஸ்கேன் பண்ற ஒவ்வொருத்தரும் மாசத்துக்கு ஒரு தடவை பண்ணலாம், ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. ப்ரோபை ஜெல் இல்லாம நல்லாத் துடைச்சுக் காத்துல சும்மா பிடிச்சுக்கணும், ஹார்மானிக், காம்பவுண்ட்னு படத்தை அழகாக்கற வசதி எல்லாத்தையும் ஆஃப் பண்ணி, ஆழத்தைக் குறைச்சு, ஃபோகஸை மேல கொண்டுவந்து, படத்தோட வெளிச்சத்தைக் கூட்டற கெயினை ஏத்தணும். லென்ஸுக்குள்ளேயே ஒலி முட்டி முட்டித் திரும்பறதால திரையோட மேல்பகுதியில பட்டை பட்டையா வெளிச்சக் கோடு வரும். ப்ரோப் நல்லா இருந்தா அந்தப் பட்டை இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் ஒரே சீரா இருக்கும், எங்கயாவது ஓட்டை விழுந்த மாதிரி கறுப்பா இருந்தா அந்த இடத்துல ப்ரோப் வேலை செய்யல. இதுல ரெண்டு இடத்துல ஓட்டை தெரிஞ்சுது, ஒண்ணு நல்ல அகலம், ஒண்ணு மெல்லிசா. அப்புறம் ஒரு பேப்பர் கிளிப்பை நிமுத்தி அதோட கம்பியை லென்ஸ் மேல குறுக்கால வச்சு மெதுவா நகத்திக்கிட்டே வந்தேன், கம்பி படற இடத்துல திரையில ஒரு வெளிச்சக்கீற்று இறங்கணும், ஓட்டை இருக்கற இடத்துக்கு வந்ததும் கீற்று காணாமப் போச்சு, தாண்டுனதும் திரும்ப வந்துச்சு.

இந்தக் கோளாறு ப்ரோப்லயா இல்ல மெஷினுக்குள்ள இருக்கற சர்க்யூட் போர்டுலயான்னு பிரிச்சுப் பாக்கணும், இல்லைன்னா தப்பான பொருளுக்குக் காசு போயிடும். கான்வெக்ஸைக் கழட்டி மெஷின்ல ப்ரோப் சொருகற வேற சாக்கெட்ல போட்டேன், கோடு அதே இடத்துல. கான்வெக்ஸ் இருந்த சாக்கெட்ல தட்டை முகமுள்ள லீனியர் ப்ரோபைப் போட்டேன், படம் சுத்தம். ஆக போர்டு தப்பிச்சுது, கோளாறு ப்ரோப்லதான்.

ப்ரோபைப் பத்தி கொஞ்சம் சொன்னாத்தான் பின்னாடி வர்றது புரியும். கான்வெக்ஸ் ப்ரோபோட முகத்துல கரண்ட் குடுத்தா அதிர்ந்து ஒலி எழுப்பற பீசோ செராமிக் துண்டுகள் வரிசையா இருக்கும், இந்த மாடல்ல 128. ஒவ்வொண்ணும் அரை மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது, ஒவ்வொண்ணுக்கும் கேபிளுக்குள்ள முடி மாதிரி ஒரு தனி வயர் போகும். செராமிக்குக்கு மேல மேட்சிங் லேயர்னு மெல்லிசான அடுக்கு, அதுக்கு மேல நாம தொடற ரப்பர் மாதிரியான லென்ஸ். எல்லாம் பசையாலதான் ஒட்டியிருக்கு. இந்த அடுக்குகளுக்கு நடுவுல எங்கயாவது பசை விட்டு காத்து புகுந்துடுச்சுன்னா முடிஞ்சுது கதை, ஏன்னா ஒலிக்குக் காத்து ஒரு சுவர் மாதிரி, உடம்புத் தசைக்கும் காத்துக்கும் ஒலித்தடையில அவ்வளவு வித்தியாசம், நூத்துக்கு 99.9 பங்கு திரும்பி வந்துடும். ஜெல் போடறதே அந்தக் காத்தை விரட்டத்தான். வெளியில ஜெல் போட்டு காத்தை விரட்டிட்டு உள்ள பசை விட்டு காத்து புகுந்தா என்ன பிரயோஜனம்.

பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தா லென்ஸோட இடது ஓரத்துல, ரப்பரும் பிளாஸ்டிக் கூடும் சேர்ற வரியில, பசை வெடிச்சு மயிரிழை மாதிரி பிளவு. அதை ஒட்டி லென்ஸ் லேசா உப்பியிருக்கு, நகத்தால அழுத்துனா தொய்யுது. லென்ஸோட சாம்பல் நிறம் அங்க வெளுத்துப் போயிருக்கு. கீழ போட்டிருந்தா ஒரு அடி பட்ட தடம் இருக்கும், கேபிள் அறுந்திருந்தா கேபிளை வளைக்கறப்ப கோடு வந்து வந்து போகும். இது ரெண்டும் இல்ல, லென்ஸ் தூக்கிக்கிட்ட கேஸ். அப்பத்தான் அந்த ஸ்பிரிட் வாசனை எனக்கு உறைச்சுது.

அந்த சென்டர்ல சுத்தம் பண்ற அக்கா ஒருத்தங்க இருக்காங்க, மெஷின் வந்த நாள்லேர்ந்து அவங்கதான். கேட்டேன், "அக்கா, ப்ரோபை யாரு துடைக்கறது?"

"நான்தான் தம்பி. ஒவ்வொரு பேஷன்ட்டுக்கும் துடைச்சுருவேன், ஒரு நாள்கூட விட்டதில்ல."

"எதுலக்கா துடைப்பீங்க?"

செடிக்குத் தண்ணி அடிக்கற மாதிரி ஒரு ஸ்ப்ரே பாட்டிலை எடுத்துக் காட்டுனாங்க, உள்ள சர்ஜிகல் ஸ்பிரிட். ப்ரோப் முகத்துல ரெண்டு அடி, பஞ்சால ஒரு அழுத்தித் தேய்ப்பு. "கொரோனா டைம்ல பெரிய டாக்டர்தான் சொன்னாரு தம்பி, எதைத் தொட்டாலும் ஸ்பிரிட் அடிக்கணும்னு." 2020-ல சொன்னது. அந்த நேரத்துக்கு அந்த பயம் நியாயம்தான், ஆனா அப்புறம் நிறுத்துன்னு யாரும் சொல்லல, அவங்களா நிறுத்தவும் முடியாது. நாளைக்கு 40 பேர், வருஷத்துக்கு 300 நாள், அஞ்சு வருஷம். கணக்குப் போட்டா 60,000 தடவை அந்த லென்ஸ் ஸ்பிரிட்ல நனைஞ்சு காய்ஞ்சிருக்கு. ஒவ்வொரு தடவையும் ரப்பர் துளி உப்பும், காயறப்ப துளி சுருங்கும், அதை இழுத்துப் பிடிச்சிருக்கற ஓரத்துப் பசை எத்தனை தடவைதான் தாங்கும்.

மேனேஜர் உடனே அந்த அக்காகிட்ட எகிறப் பாத்தாரு. நான் மேனுவலைக் கேட்டேன். ஒரு மணி நேரம் தேடி பீரோ அடியிலேர்ந்து எடுத்தாங்க, சி.டி.யில இருக்கு, உறையே பிரிக்கல. அதைப் போட்டுப் பாக்க அந்த சென்டர்ல சி.டி. டிரைவ் உள்ள கம்ப்யூட்டரும் கிடையாது. என் லேப்டாப்ல இருந்த மேனுவல்ல அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன், லென்ஸ் மேல ஆல்கஹால் படக்கூடாதுன்னு கட்டம் கட்டிப் போட்டிருக்கு. அந்த அக்கா மேல என்ன தப்பு இருக்கு சொல்லுங்க. அவங்களுக்கு இங்கிலீஷ் படிக்க வராது, வந்திருந்தாலும் உறை பிரிக்காத சி.டி.யைப் படிச்சிருக்க முடியாது.

இங்க ஒண்ணு சொல்லணும், ஸ்பிரிட் எல்லா ப்ரோபுக்கும் விஷம்னு பொதுவா சொல்லிட முடியாது. ஆல்கஹால் கலந்த வைப்ஸ் சில மாடல்களுக்குச் சரின்னே கம்பெனி போட்டிருக்கும், கூடு கேபிள் வரைக்கும் சரி லென்ஸ் மேல வேண்டாம்னும் சில மாடலுக்கு இருக்கும். ப்ரோப் நம்பரைப் போட்டு அந்தக் கம்பெனி குடுத்திருக்கற லிஸ்ட்ல தேடறதுதான் ஒரே வழி, பக்கத்து சென்டர்ல இதைத்தான் போடறாங்கங்கறது கணக்கே இல்ல. பொதுவா தைரியமா சொல்லக்கூடியது எண்ணெயைப் பத்தி. ஜெல் தீந்துபோச்சுன்னு தேங்கா எண்ணெய் போட்டு ஸ்கேன் பண்ணின இடத்தை நான் பாத்திருக்கேன், பேபி ஆயில் போட்ட இடமும் உண்டு, படம் என்னமோ வரும்தான், ஆனா எண்ணெய் ரப்பருக்குள்ள ஊறி லென்ஸை ஊதவச்சிடும். அப்புறம் நீராவிச் சூட்டுல கிருமி கொல்ற ஆட்டோகிளேவ். செராமிக்கே நேரடியா செத்துப்போக அதைவிட ரொம்ப அதிக சூடு வேணும்தான், ஆனா 121 டிகிரியில பசையும் சீலும் அதுக்கு முன்னாடியே கைவிட்டுரும்.

இந்தக் கேஸ்ல என்னை ரொம்ப யோசிக்க வச்சது வேற ஒண்ணு. "எப்பலேர்ந்து இந்தக் கோடு?"ன்னு ரேடியாலஜிஸ்ட் மேடத்தைக் கேட்டேன், பத்து நாள்னாங்க. பழைய படங்களை மெஷின்லேர்ந்து எடுத்துப் பாத்தோம், ரெண்டு மாசம் முன்னாடி படத்துலயே மெல்லிசா தெரியுது. அதுக்கும் முன்னாடி? படத்துல தெரியாது, ஏன்னா படத்தோட ஒவ்வொரு வரியும் பல துண்டுகள் சேர்ந்து அனுப்பற ஒலியில வர்றது, ஒண்ணு ரெண்டு செத்தா மத்தது ஈடுகட்டிடும், படம் லேசா மங்கும், ரத்த ஓட்டத்தைக் காட்டற டாப்ளர் கொஞ்சம் பலவீனமாகும், அவ்வளவுதான். பக்கத்து பக்கத்துல நாலஞ்சு போனாத்தான் கண்ணுக்குக் கோடாத் தெரியும். மேடம் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுச் சொன்னாங்க, "இப்பத்தான் தெரியுது, பித்தப்பை பாக்கறப்ப என் கை தானா வலது பக்கம் ஒதுங்குது, ரெண்டு மாசமா மணிக்கட்டு வலி வேற." ப்ரோபோட கோளாறு கைக்குப் பழகிப்போச்சு, கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே. ஸ்வீடன்ல 2009-ல ஒரு ஆய்வு வெளிவந்துச்சு, 32 ஆஸ்பத்திரியில தினசரி உபயோகத்துல இருந்த 676 ப்ரோபை எடுத்து சோதிச்சாங்க, 39.8 சதவீதத்துல ஏதோ ஒரு கோளாறு, அதுல அதிகம் இருந்தது இந்த மாதிரி அடுக்கு பிரியறதுதான், அதுக்கு அடுத்தது கேபிள் உடையறது. இத்தனைக்கும் அதெல்லாம் கெட்டுப்போச்சுன்னு ஓரங்கட்டின ப்ரோப் இல்ல, அன்னிக்குக் காலையில பேஷன்ட் மேல வச்ச ப்ரோப்.

ரெண்டாவது கம்ப்ளெயின்டுல நான் ஒரு மணி நேரம் வீணடிச்சேன், அதையும் சொல்லிடறேன். மத்தியானம் ஆஃப் ஆகுதுன்னதும் யு.பி.எஸ். மேல சந்தேகப்பட்டு பேட்டரி, எர்த் நியூட்ரல் வோல்டேஜ் எல்லாம் அளந்துகிட்டு இருந்தேன். எல்லாம் சரியா இருந்துச்சு. அப்புறம்தான் மெஷின் தானா எழுதி வைக்கற எச்சரிக்கைப் பதிவை (log) எடுத்துப் பாத்தேன், வெப்ப எச்சரிக்கை வரிசையா விழுந்திருக்கு, எல்லாம் மத்தியானத்துல. மெஷினைச் சுவத்துலேர்ந்து இழுத்தேன், நாலு விரல் இடைவெளிகூட இல்ல, பின்னாடி ஜன்னல் திரை வேற உரசிக்கிட்டு இருக்கு. கீழ இருந்த காத்து ஃபில்டரை உருவுனா அது ஃபில்டரே இல்ல, கம்பளி. தூசி, பஞ்சு இழை, தலைமுடி எல்லாம் படிஞ்சு இறுகி துளிகூட வெளிச்சம் ஊடுருவல. உள்ள ஃபேன் இறக்கையில ஒட்டடை. ஏழு வருஷத்துல ஒரு தடவைகூட அதை யாரும் கழட்டல, வருஷாவருஷம் சர்வீஸ் கான்ட்ராக்ட் பணம் மட்டும் முதல் நாலு வருஷம் ஒரு ஏஜென்சிக்குப் போயிருக்கு. பஞ்சு எங்கேர்ந்து வந்துச்சுன்னு யோசிச்சேன், ப்ரோபைத் தேய்க்கற அதே பஞ்சுதான். ப்ரோபைக் கெடுத்த கை மெஷினுக்கும் மூச்சை அடைச்சிருக்கு.

இன்னொரு விஷயமும் தெரிஞ்சுது. தூசி படக்கூடாதுன்னு தையல்காரர்கிட்ட குடுத்து அழகா வெல்வெட்ல உறை தச்சு வச்சிருக்காங்க. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல மெஷினை ஆஃப் பண்ணாம அந்த உறையை மேல போத்திட்டுப் போயிடறாங்க. ஏ.சி.யையும் அப்ப நிறுத்திடறாங்க, கரண்ட் பில்லுக்காக. அப்புறம் ரெண்டு மணிக்கு மெஷின் ஏன் மயக்கம் போடுதுன்னு கேட்டா என்ன சொல்றது.

ஃபில்டரை வெறும் சோப்புத்தண்ணியில அலசி நிழல்ல காய வச்சோம், ஈரத்தோட திரும்ப மாட்டக்கூடாது, ஈரக்காத்து நேரா போர்டுக்குப் போகும். உள்ள இருந்த தூசியை வேக்குவம் வச்சு உறிஞ்சினேன். பல பேர் ப்ளோயர் வச்சு ஊதறாங்க, ஊதுனா தூசி ரூம் முழுக்கப் பறந்து பாதி திரும்ப மெஷினுக்குள்ளயே போய் உக்காரும், மீதி பேஷன்ட் கட்டில்ல. ஃபேனை வேக்குவம் பண்றப்ப விரலால பிடிச்சுக்கணும், காத்து வேகத்துல கண்டபடி சுத்த விட்டா பேரிங் போயிடும். மறுநாள் மத்தியானம் மூணு மணி வரைக்கும் அங்கயே உக்காந்து பாத்தேன், ஆஃப் ஆகல.

ட்ராக்பால் சின்ன விஷயம். வளையத்தைத் திருகிக் கழட்டினா பந்து கையில வந்துடுது, கீழ சென்சார் கண்ணாடி மேல காய்ஞ்ச ஜெல், அதுல ஒட்டின நூல், அப்புறம் மஞ்சளும் சிகப்புமா ஏதோ பொடி. என்னடா இதுன்னு முகர்ந்து பாத்தா சந்தனம், குங்குமம். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வச்சிருக்காங்க, ஏழு பூஜை. நானும் என் டூல் பாக்ஸுக்கு வைக்கறவன்தான், அதனால வைக்கவே கூடாதுன்னு சொல்ல மாட்டேன், மெஷின் முதுகுல ஒரு பொட்டு வச்சுக்கோங்க, கீபோர்டு மேல வேண்டாம்னு சொல்லிட்டு வந்தேன். அதைவிட முக்கியம், ஜெல் கையோட கீபோர்டைத் தொடறது. ஒரு கை ப்ரோபுக்கு, ஒரு கை மெஷினுக்குன்னு பழகிட்டா பாதிப் பிரச்சனை வராது.

இதோட முடிஞ்சிருந்தா இது ஒரு ரிப்பேர் கதை. ஆனா ரூம்ல உக்காந்திருந்த அந்த ரெண்டு நாள்ல ரெண்டு விஷயம் கண்ணுல பட்டுச்சு, ரெண்டும் மெஷினைவிடப் பேஷன்ட்டுக்கு முக்கியம்.

ஒண்ணு, ஜெல். அஞ்சு லிட்டர் கேன்ல வாங்கி சின்ன பாட்டில்ல ஊத்திக்கறாங்க. பாட்டில் காலியாகறதே இல்ல, பாதி குறைஞ்சா மேல ஊத்திடறாங்க, அதனால அடியில இருக்கற ஜெல் எந்த வருஷத்து ஜெல்னு சொல்ல முடியாது. கர்ப்பிணிகளுக்கு வயித்துல ஜில்லுன்னு படக்கூடாதுங்கற நல்ல எண்ணத்துல பாட்டிலை ஒரு கிண்ணத்துல வெதுவெதுப்பான தண்ணியில நிறுத்தி வச்சிருக்காங்க. இளஞ்சூடு, ஈரம், கிருமிக்கு வேற என்ன வேணும். ஜெல்லுல கிருமி வளராம இருக்க மருந்து கலந்திருக்கும்தான், ஆனா எல்லாக் கிருமியும் அதுக்குப் பயப்படாது. அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல 2011 கடைசியிலேர்ந்து 2012 ஆரம்பத்துக்குள்ள ஒரே ஆஸ்பத்திரியில இதய ஆபரேஷன் பண்ணின 16 பேர்கிட்ட சூடோமோனாஸ் கிருமி வந்துச்சு, தேடிப் போனா ஆபரேஷன் சமயத்துல இதயத்தைப் பாக்க உணவுக்குழாய் வழியா விடற எக்கோ ப்ரோபுக்குப் போட்ட ஜெல். அந்த ஜெல் தயாரிப்புலயே கெட்டிருந்துச்சு. 2021-ல மறுபடி அங்க 10 மாநிலங்கள்ல பர்க்ஹோல்டேரியாங்கற கிருமி பரவுச்சு, அதுவும் ஸ்டெரைல் இல்லாத ஜெல்லாலதான், கனடாவுல இருந்த தயாரிப்பாளரோட ஜெல் முழுக்கத் திரும்ப வாங்க வேண்டியதாச்சு. வேலூர் சி.எம்.சி. டாக்டர்களும் ஆஸ்பத்திரித் தொற்றுக்கு ஜெல் மூலமாகறதைப் பத்தி 2019-ல எழுதியிருக்காங்க, அதனால இது எங்கயோ அமெரிக்கா விஷயம்னு தள்ளிட முடியாது. புண்ணில்லாத தோல் மேல வைக்கற சாதா வயித்து ஸ்கேனுக்குப் பெருசா பயமில்ல. ஊசி போடற வேலை, புண்ணு மேல, பச்சைக்குழந்தை, உள்ள விடற ப்ரோப், இதுக்கெல்லாம் பிரிச்சு ஒரே தடவையில தூக்கிப் போடற ஸ்டெரைல் பாக்கெட்தான். கிண்ணத்துத் தண்ணியை அன்னிக்கே கொட்டிட்டோம்.

இன்னொண்ணு டி.வி.எஸ். ப்ரோப், பெண்களுக்குப் பிறப்புறுப்பு வழியா விடறது. உள்ள விடற ப்ரோபுக்கு அவங்க செஞ்சது, காண்டம் மாட்டறது, முடிஞ்சதும் கழட்டி அதே ஸ்பிரிட் பஞ்சு. மேடமே கொஞ்சம் சங்கடமாத்தான் சொன்னாங்க. ஸ்பால்டிங் வகைப்பாடுன்னு ஒண்ணு மருத்துவக் கருவிகளுக்கு ரொம்ப வருஷமா இருக்கு, புண்ணில்லாத தோலை மட்டும் தொடறதுக்கு ஒரு அளவு சுத்தம், சளிச்சவ்வைத் தொடறதுக்கு அதுக்கு மேல, ரத்தத்தையோ கிருமியே இல்லாத உள் திசுவையோ தொடறதுக்கு ஸ்டெரைல். டி.வி.எஸ். ரெண்டாவது வகை, அதுக்கு உயர்நிலைக் கிருமிநீக்கம் வேணும், உறை மாட்டியிருந்தாலும். உறை கிழியும், கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கும், கழட்டறப்ப கை படும், கைப்பிடியில படும். பிரிட்டன்ல 2012-ல ஒரு எச்சரிக்கை வந்துச்சு, ஹெபடைடிஸ் பி வந்து ஒரு பேஷன்ட் இறந்துபோனதுக்கு, ரெண்டு பேருக்கு நடுவுல சரியா கிருமிநீக்கம் பண்ணாத எக்கோ ப்ரோப் காரணமா இருக்கலாம்னு. அந்த எச்சரிக்கையைப் படிச்சப்புறம் ஸ்பிரிட் பஞ்சோட நிறுத்திக்க எனக்கு மனசு வராது.

அதனால ஓ.பி.ஏ.ங்கற (ஆர்த்தோ தாலால்டிஹைடு) கிருமிநீக்கக் கரைசல் வாங்கச் சொன்னேன், 0.55 சதவீதம், 20 டிகிரியில 12 நிமிஷம் ஊறணும். ஊற வைக்கறதுக்கு முன்னாடி ஜெல்லெல்லாம் போகக் கழுவணும், அழுக்கு மேல கிருமிநாசினி வேலை செய்யாது. ப்ரோப்ல போட்டிருக்கற கோடு வரைக்கும்தான் முங்கணும், கைப்பிடிக்கு மேல, கனெக்டர் பக்கம் ஒரு சொட்டு படக்கூடாது. ஊற வைக்கற பாத்திரத்துல ஊத்தின கரைசல் அதிகபட்சம் 14 நாள்தான், ஆனா ஒவ்வொரு தடவை ஊற வைக்கறதுக்கு முன்னாடியும் டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டுப் பாக்கணும், ஸ்ட்ரிப் ஃபெயில்னா மூணாம் நாளே கொட்டணும். ஊறினப்புறம் மூணு தடவை புதுத் தண்ணியில அலசணும், சரியா அலசலைன்னா தோல்ல சாம்பல் கறை விழும், சளிச்சவ்வு எரியும். ஓ.பி.ஏ.வும் கருப்பை வாய்ப் புத்துநோய்க்குக் காரணமாகற எச்.பி.வி. வைரஸை ஒழிக்கறதில்லைன்னு 2014-ல ஆய்வு வந்திருக்கு, அதுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு புகை, யு.வி. பெட்டி மாதிரி மெஷின்கள் இருக்கு, அந்த சென்டரால இப்ப வாங்க முடியாத விலை. கூட ஊறினா கூட சுத்தம்னு ராத்திரி பூரா ஊறப் போடறவங்களும் இருக்காங்க, அப்படி ஊறின ப்ரோப் அடுத்த வருஷம் என்கிட்டதான் வரும்.

டி.வி.எஸ். ப்ரோபை உப்புத்தண்ணியில முக்கி லீக்கேஜ் கரண்ட், அதாவது வெளியில கசியற கரண்ட் எவ்வளவுன்னு அளந்தேன், பேஷன்ட்டைத் தொடற பி.எஃப்.ங்கற மின்பாதுகாப்பு வகைக்கு சாதாரண நிலையில 100 மைக்ரோ ஆம்பியர் எல்லை, இது நல்லா கீழ இருந்துச்சு. லென்ஸ் பிளந்த கான்வெக்ஸ் எல்லைக்குள்ளதான் இருந்துச்சு, ஆனா டி.வி.எஸ். ப்ரோபைவிட நாலு மடங்கு. படத்துல கோடு விழறது ஒரு கவலைன்னா அந்தப் பிளவு வழியா ஜெல்லும் தண்ணியும் உள்ள போறது பெரிய கவலை. அன்னிக்கே அந்த ப்ரோபை எடுத்து வைக்கச் சொல்லிட்டேன்.

இங்கதான் நம்ம நாட்டுக்கே உரிய தலைவலி வந்துச்சு. வேற ஊர்ல இருக்கற ஒரு மெஷினைக் கொஞ்ச நாளைக்குக் கொண்டுவந்து வச்சுக்கலாமான்னு மேனேஜர் கேட்டாரு. வாயே திறக்காதீங்கன்னேன். கருவுல இருக்கறது ஆணா பெண்ணான்னு பாக்கறதைத் தடுக்கற 1994 பி.என்.டி.டி. சட்டப்படி மெஷின் அந்த இடத்துக்குன்னு பதிவாகியிருக்கும், கருவி மாத்தணும்னா 30 நாள் முன்னாடியே அதிகாரிகிட்ட எழுதிக் குடுக்கணும், அவசரத்துக்குக் கொண்டுவந்த மெஷினால சென்டரையே சீல் வச்சுட்டுப் போயிடுவாங்க. இவங்க பதிவு ஃபைல்ல ப்ரோப் விவரமும் இருந்துச்சு, அதனால ரிப்பேருக்கு அனுப்பறதைக்கூட கடிதமா எழுதி, பதிவு பண்ணி, நகல் வச்சுட்டுத்தான் அனுப்பினோம். புது ப்ரோப் விலை மூணு லட்சத்துக்கு மேல. லென்ஸ் மாத்தி சீல் பண்ணித் தர்ற இடத்துல 65,000 கேட்டாங்க, பதினெட்டு நாள் ஆச்சு. அத்தனை நாளும் லீனியர், டி.வி.எஸ். ரெண்டோட ஓட்டினாங்க, வயித்து ஸ்கேனுக்கு வந்தவங்களை வேற சென்டருக்கு அனுப்பினாங்க. அந்த நஷ்டத்தை மேனேஜர் எனக்குச் சொல்லல, முகத்துல தெரிஞ்சுது.

திரும்பி வந்த ப்ரோபைக் காத்துல பிடிச்சுப் பாத்தேன். அகலமான ஓட்டை போயிருந்துச்சு. மெல்லிசா இருந்த ஓட்டை அப்படியே இருந்துச்சு, அந்த ரெண்டு துண்டும் செத்தது செத்ததுதான். படத்துல தெரியல. அந்தத் திரையைப் படம் எடுத்து தேதி போட்டு மேடத்துக்கு அனுப்பி வச்சேன், அடுத்த மாசம் எடுக்கற படத்தை இதோட ஒப்பிடணும், ஓட்டை அகலமானா உடனே கூப்பிடுங்கன்னு.

சுத்தம் பண்ற முறையை அந்த அக்காகிட்டயே எழுதச் சொன்னேன், நான் சொல்லச் சொல்ல அவங்க பாஷையில. முதல்ல படத்தை ஃப்ரீஸ் பண்ணு. ஜெல் காயறதுக்குள்ள மெத்துன்னு டிஷ்யூவால வழிச்சு எடு, தேய்க்காத. அப்புறம் அந்த ப்ரோபுக்குன்னு வாங்கின வைப்ஸ், துடைச்ச ஈரம் பாக்கெட்ல போட்ட நேரம் வரைக்கும் இருக்கணும். அப்புறம் நல்ல தண்ணி நனைச்ச துணி, அப்புறம் காய்ஞ்ச துணி. கேபிளைச் சக்கரத்துக்கு அடியில விடாத. ஸ்பிரிட் பாட்டில் இந்த ரூமுக்குள்ள வராது. கடைசி வரியை அவங்களே சேத்தாங்க, "யாரு சொன்னாலும்." எழுதி முடிச்சுட்டு என்னைப் பாத்துக் கேட்டாங்க, "இத்தனை வருஷமா நான் துடைச்சதாலதான் கெட்டுச்சா தம்பி?" எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. "சொன்னவங்க நிறுத்தச் சொல்லலையேக்கா"ன்னேன். அவங்களுக்கு அது போதுமான பதிலா இருந்த மாதிரி தெரியல.

எட்டு மாசம் கழிச்சு வேற வேலையா அந்தப் பக்கம் போனப்ப எட்டிப் பாத்தேன். மெஷின் சுவத்துலேர்ந்து ஒரு முழம் தள்ளி நிக்குது. பேப்பர் கிளிப் மேடம் மேஜையிலேயே இருக்கு, ஓட்டை அதே ரெண்டு துண்டோட நின்னிருக்கு. ஃபில்டர் கழுவின தேதியை எழுதற ஸ்டிக்கர்ல மாசாமாசம் அந்த அக்கா கையெழுத்து, நடுவுல தை மாசம் மட்டும் காலி. ஏன்னு கேட்டேன். "அந்த மாசம் என் பொண்ணு கல்யாணம் தம்பி, இருபது நாள் லீவு"ன்னு சிரிச்சாங்க.